பாராமகால் காகிதங்கள் லண்டனில்தான் இருக்கின்றனவா?

பாலக்கோடு வாசகர், 2 ஜூன் 2025

வணக்கம் ஐயா. பாராமகாலின் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) நிலவரி வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். துறையில் ஒரு பெரியவர் அடித்துச் சொல்லிவிட்டார்: "நம்ம ஊர்க் காகிதத்தை எல்லாம் வெள்ளைக்காரன் கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டான். லண்டன் போகாம எழுதற ஆய்வு செல்லாது." வீட்டில் அம்மாவின் நகையை அடகு வைக்கப் பேச்சு நடக்கிறது. நீங்கள் போய்வந்தவர். போயே ஆக வேண்டுமா?

2 ஜூன், இரவு

நகை பீரோவிலேயே இருக்கட்டும் தம்பி. பெரியவர் சொன்னதில் கால்வாசிதான் உண்மை.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நிர்வாகத்துக்குக் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாக மன்றோ, மெக்லியோட், கிரஹாம். எல்லாரும் பட்டாளத்துக்காரர்கள். இவர்கள் 1799 வரை எழுதிக் குவித்த கடிதமும் கணக்கும் சென்னைக்கு, வருவாய் வாரியத்துக்குப் போயின. அங்கே கூட்டத்தில் வைத்துப் படித்து, நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்தார்கள். அந்தப் புத்தகத்துக்கு எழுத்தர்களை வைத்து நகல் எடுத்து லண்டனில் இருந்த இயக்குநர்களுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். முதலாளி அங்கே, கடை இங்கே. கணக்கு காட்டியாக வேண்டும் அல்லவா?

ஆக லண்டனில் இருப்பதில் பெரும்பகுதி நகல். சென்னையில் தங்கியது எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் சிவப்புக் கட்டடத்தில் இருக்கிறது. தர்மபுரியில் ரயிலோ பஸ்ஸோ ஏறினால் போதும்.

3 ஜூன், காலை

எழும்பூருக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. பாராமகாலுக்கு மற்ற பகுதிகளுக்கு வாய்க்காத அதிர்ஷ்டம்: சென்னை அரசு 1907 முதல் 'பாராமகால் ஆவணங்கள்' என்று இவற்றை அச்சில் கொண்டுவந்தது. தேதி வாரியாக இல்லை. நிர்வாகம், மக்கள், விளைபொருள், சொத்து, வரி என்று தலைப்புப் பிரித்து, பிரிவு பிரிவாக. உங்களுக்குச் சொத்தும் வரியும்தான் முக்கியம் என்றாலும் 'மக்கள்' பிரிவை முதலில் படியுங்கள். அதில் சொல்லியிருப்பதை யாரிடம் கேட்டு எழுதினார்கள் என்ற சந்தேகத்தோடு படிக்க வேண்டும். கணக்குப்பிள்ளையும் ஊர்ப் பெரியதனக்காரரும் சொன்னதைத்தான் துரை கேட்டிருப்பார் என்பது என் ஊகம். ஏர் ஓட்டியவனை யார் கேட்டார்கள்?

அதோடு லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு, 1883. ரிச்சர்ட்ஸின் சேலம் கெஜட்டியர், 1918. இரண்டும் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன.

தேடும்போது கவனம். 1965 அக்டோபர் 2 வரை தர்மபுரி, சேலத்துக்குள்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். "எங்கள் மாவட்டப் பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை" என்று என்னிடம் வராத ஆராய்ச்சி மாணவரே இல்லை. சேலம் என்று போடுங்கள், பாராமகால் என்று போடுங்கள்.

3 ஜூன், மதியம்

ஓசூர் நண்பர் கோபமாகக் கேட்கிறார்: "பாராமகால் ஆவணத்தில் எங்க ஊர் ஏன் இல்லை? வேண்டுமென்றே விட்டார்களா?"

யாரும் விடவில்லை அண்ணே. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் 1792இல் கம்பெனிக்கு வரவே இல்லை. அது மலைக்கு மேலே, பாலாகாட் என்ற மேட்டுப் பகுதி. 1799இல் திப்பு இறந்த பிறகுதான் சேர்ந்தது. ராயக்கோட்டை வரைக்கும்தான் முதல் சுற்று. 1799க்குப் பிந்திய சேலம் கடிதங்களைப் பாருங்கள்.

4 ஜூன்

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தால் லண்டனே வேண்டாம் என்ற தொனி வந்திருக்கிறது. அப்படி இல்லை. போனதற்கு நான் வருத்தப்படவில்லை. முன்பே போகாததுதான் நல்லதாயிற்று. எழும்பூரில் வருடக்கணக்கில் உட்கார்ந்த பிறகு போனதால் எதைக் கேட்பது என்று தெரிந்தது.

இடம் செயின்ட் பங்க்ராஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகம். மூன்றாம் மாடியில் ஆசிய ஆப்பிரிக்க ஆய்வுப் படிப்பறை. பழைய இந்தியா ஆபீஸ் (லண்டனில் இருந்து இந்தியாவை நிர்வகித்த அலுவலகம்) ஆவணங்கள் இங்கேதான் வரும். அடுக்குகளை நீட்டி வைத்தால் சுமார் 14 கிலோமீட்டர் என்று சொல்வார்கள். தர்மபுரியிலிருந்து கிளம்பினால் காரிமங்கலம்கூட வராது, ஆனால் காகிதமாக யோசித்தால் தலை சுற்றும். வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பை, கோட்டு எல்லாம் கீழே லாக்கரில். கண்ணாடிப் பிளாஸ்டிக் பையில் நோட்டு, பென்சில், லேப்டாப், செல்போன். பேனாவை வெளியே எடுத்தாலே யாராவது எழுந்து வருவார்கள்.

சினிமாவில் வருவதுபோல் வெள்ளைக் கையுறை கொடுப்பார்களா என்று என் மருமகள் கேட்டாள். காகிதத்துக்குக் கையுறை வேண்டாம் என்பதுதான் இப்போதைய வழக்கம். துணி போட்ட விரலுக்கு உணர்வு குறைவு, ஓரம் கிழிந்துவிடும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனால் போதும். புத்தகத்தை நுரைப் பஞ்சுத் திண்டில் சாய்த்து வைத்து, பக்கம் புரளாமல் இருக்கத் துணி சுற்றிய நீள எடைச் சரத்தை மேலே போடுவோம். அதற்குப் பெயரே பாம்பு.

நான் போனதற்கு முக்கியக் காரணம் மன்றோவின் சொந்தக் காகிதங்கள். ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகள் வரிசையில் எஃப் 151 என்ற எண். இவை எழும்பூரில் இல்லை. அலுவலகக் கடிதத்தில் அவர் கிஸ்தி, நிலுவை, விளைச்சல் என்று இறுக்கமாக எழுதுவார். வீட்டுக்கு எழுதும்போது வேறு ஆள். தங்கை எர்ஸ்கினுக்கு எழுதிய கடிதங்கள் 1830இல் கிளெய்க் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலேயே நிறைய வந்துவிட்டன. அவற்றுக்காக விமானம் ஏற வேண்டாம். அச்சில் வராத மிச்சத்துக்காக ஏறலாம்.

கையெழுத்து? எழுத்தர் எடுத்த நகல் என்றால் முத்து முத்தாக இருக்கும். துரைமார் அவசரத்தில் எழுதியது கோழி கிளறியதுபோல். ஒரு ஊர்ப் பெயர் அரை நாள் பிடிவாதம் பிடித்தது. எழுத்தை விட்டுவிட்டு, முன்னால் வரும் ஊர் எது, பின்னால் வரும் ஏரி எது என்று பார்த்தேன். அரூரிலிருந்து தீர்த்தமலைப் பக்கம் போகிற வழியில் அடுத்து என்ன ஊர் வரும் என்பது எனக்குத் தெரியும். படித்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர் என்னைவிடப் பல மடங்கு படித்தவர். அந்த வழியில் பஸ் ஏறியிருக்க மாட்டார்.

4 ஜூன், இரவு

சாப்பாட்டைப் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. யூஸ்டன் நிலையத்துக்குப் பின்னால் டிரம்மண்ட் தெரு, நூலகத்திலிருந்து நடந்தே போகலாம். தோசை கிடைக்கும். களி கிடைக்காது.

5 ஜூன்

"நான் க்யூவுக்குப் போனேன், கம்பெனி காகிதம் எதுவுமே கொடுக்கவில்லை" என்று ஒருவர். க்யூவில் இருப்பது பிரிட்டிஷ் அரசின் தேசிய ஆவணக் காப்பகம். கம்பெனி, இந்தியா ஆபீஸ் சேகரம் செயின்ட் பங்க்ராஸில். இரண்டும் லண்டனில் வேறு வேறு இடம். டிக்கெட் எடுக்கும் முன் எண்ணைச் சரிபாருங்கள்.

எண் கண்டுபிடிக்க: மார்ட்டின் மோயர் 1988இல் எழுதிய இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் பொது வழிகாட்டி. எந்த வரிசை எந்த அலுவலகத்தில் எப்படிப் பிறந்தது என்று அதைப்போல் யாரும் சொல்லவில்லை. அதைப் படித்த பிறகுதான் எஃப் 4 என்ற வரிசை எனக்குப் புரிந்தது. கம்பெனியை மேற்பார்க்க லண்டனில் 1784இல் ஒரு கட்டுப்பாட்டு வாரியம் வைத்தார்கள். ஏதாவது தகராறு என்றால் அதைப் பற்றி இங்கிருந்து போன கடிதங்களை எல்லாம் ஒரே கட்டாக நகலெடுத்து அந்த வாரியத்துக்குக் கொடுப்பார்கள். 1796 முதல் 1858 வரை அப்படிச் சேர்ந்த கட்டுகள் அது. எழும்பூரில் பல புத்தகங்களில் சிதறிக் கிடப்பது லண்டனில் ஒரே கட்டில் கிடைக்கும். நகல்தான், ஆனால் உங்கள் மாதங்களை மிச்சப்படுத்தும் நகல். முதல் நாள் நகல் என்று நான் அலட்சியமாகச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6 ஜூன்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கேள்வி. பங்காளி வழக்கில் நிலத்துக்கு ரீட் காலத்துப் பட்டா லண்டனில் கிடைக்குமா, வக்கீல் கேட்கிறாராம்.

கிடைக்காது. ரீட் ரயத்தோடு (உழவரோடு) நேரடியாகத் தீர்வை பேசியது உண்மை. 1796இல் ஆண்டுக் குத்தகையா நிலையான குத்தகையா என்று ரயத்தே தேர்ந்துகொள்ளும்படி அறிவிப்பும் போட்டார். ஆனால் ஒவ்வொரு ஆளின் வயல் கணக்கும் கப்பலேறவில்லை. லண்டனுக்குப் போனது தாலுகா அளவுத் தொகைகள், வாதங்கள், கொள்கை. அதுவும் போக, உங்கள் கையில் உள்ள சர்வே எண் ரீட் காலத்தது இல்லை, 1860களுக்குப் பிறகு வந்த அளவையின் வழி வந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு பாருங்கள். இனாம் நிலமாக இருந்தால் 1858இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடு எழும்பூரில் இருக்கிறது, சான்றிட்ட நகல் தருவார்கள். வக்கீலுக்கு லண்டன் பார்க்க ஆசை என்றால் அது வேறு.

7 ஜூன்

"நம்ம சொத்து. திருப்பிக் கேட்காமல் அங்கே போய்க் கைகட்டி நிற்கிறீர்களே" என்று ஊத்தங்கரை நண்பர். இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது.

இரண்டு வகையைப் பிரிக்க வேண்டும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் நூலகத்தை எடுத்துப்போனார்கள். அதற்கு 1809இல் சார்லஸ் ஸ்டூவர்ட் அட்டவணை போட்டு அச்சிட்டார். வெள்ளைக்காரனைக் கடிக்கிற மரப்புலி இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இவை போரில் எடுத்தவை. திருப்பிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பாராமகால் நடவடிக்கைப் புத்தகம் அப்படியா? அது கம்பெனி தனக்காக எழுதி, தன் முதலாளிக்கு அனுப்பிய பிரதி. நம்மிடமிருந்து பிடுங்கியது வரி. அந்த வரியைப் பற்றிய காகிதம் அவர்கள் எழுதியது. இதை முன்பு நான் வேறு மாதிரிப் பேசியிருக்கிறேன். மேடையில் "எல்லாம் திரும்ப வர வேண்டும்" என்றால் கைதட்டு வரும். பிறகு நம் பக்கத்து அலுவலகம் ஒன்றில் (எது என்று சொல்ல மாட்டேன்) பழைய கிராமக் கணக்குகள் மாடிப்படிக்குக் கீழே கறையானோடு கிடந்ததைப் பார்த்தேன். வாயடைத்துவிட்டது.

ஆனாலும் அதோடு முடிந்துவிடவில்லை. கறையான் இல்லாத இடத்தில் இருக்கிறது, சரி. அதைப் பார்க்கப் பாலக்கோட்டுப் பையன் விசாவுக்கும் விமானத்துக்கும் அம்மா நகையைப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அது என்ன நியாயம்? நம் கோரிக்கை, மூலக் காகிதம் வேண்டும் என்பதைவிடப் படம்பிடித்து எல்லாருக்கும் திறந்துவிடு என்பதாக இருக்கலாம். இது நடக்காத காரியமும் இல்லை. வளைகுடா நாடுகளைப் பற்றிய இந்தியா ஆபீஸ் காகிதங்களை 2014 முதல் கத்தார் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம், வீட்டில் உட்கார்ந்தபடி. கத்தார் பணம் போட்டது. சேலம் மாவட்டத்துக்கு யார் போடுவது?

7 ஜூன், இரவு

மின்னூலகம் வந்தால் எல்லாம் தீர்ந்தது என்று கைதட்டுகிறவர்களுக்கு: 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கினார்கள். அட்டவணையே இல்லாமல் போனது. முதன்மை அட்டவணை தேடும் அளவுக்குத் திரும்ப அடுத்த ஜனவரி ஆனது, மற்றவை இன்னும் இழுத்தன. அந்த நேரத்தில் அச்சடித்த பழைய பட்டியல்களை வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். காகிதத்துக்குக் கறையான், கணினிக்கு அவன்.

9 ஜூன்

அதியமானின் சொந்த ஓலைச்சுவடி லண்டனில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று வாட்ஸாப்பில் சுற்றுகிற செய்தியை மூன்று பேர் அனுப்பிவிட்டீர்கள். அத்தனை பழைய ஓலை நம் தட்பவெப்பத்தில் தங்காது ஐயா. சில நூற்றாண்டு தாங்கினாலே பெரிது, அதனால்தான் படி எடுத்துப் படி எடுத்துக் காப்பாற்றினார்கள். அதியமான் பெயர் வேண்டும் என்றால் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் பாறையில் இருக்கிறது, தமிழ்ப் பிராமியில், "அதியன் நெடுமான் அஞ்சி" என்று. 1981இல் கண்டுபிடித்தது. அந்தப் பாறையை யாரும் கப்பலேற்றவில்லை.

நம் இரண்டு மாவட்ட வயல்களில் நிற்கிற நடுகற்களையும் இதே சூட்டில் சொல்லிவிடுகிறேன். ஆநிரை மீட்கச் செத்தவன் பெயர், அவனுடைய தலைவன் பெயர், அரசனின் ஆட்சியாண்டு எல்லாம் கல்லிலேயே இருக்கும். அதில் துணி துவைக்கிறோம்.

12 ஜூன்

கோவிலூர் அம்மாவுக்கு: உங்கள் பக்கத்துப் பழைய கிறிஸ்தவ மிஷன் காகிதங்கள் எங்கே என்ற உங்கள் கேள்வியைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், அதற்கு லண்டன் பயன்படாது. மைசூர் மிஷன் இயேசு சபையாருடையது. அவர்கள் ஆண்டுதோறும் எழுதிய மடல்கள் ரோமில், வாத்திகானுக்குப் பக்கத்திலேயே உள்ள இயேசு சபைத் தலைமை ஆவணகத்தில் இருக்கின்றன. லத்தீன், போர்த்துகீசியம் தெரிய வேண்டும். சபை 1773இல் கலைக்கப்பட்டது. 1776இல் பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபை பொறுப்பேற்றது. அதன் காகிதங்கள் பாரிஸில், பிரெஞ்சில். ஞானஸ்நானப் பதிவேடு தேடுகிறீர்கள் என்றால் இரண்டு ஊருக்கும் போகும் முன் உங்கள் பங்குத்தந்தையிடம் பீரோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறைமாவட்ட அலுவலகத்திலும் கேளுங்கள். 1997க்கு முன்பு நீங்கள் சேலம் மறைமாவட்டம் என்பதால் அங்கேயும்.

14 ஜூன்

செலவு. விசா, விமானம், தங்குமிடம் மூன்றும்தான் கழுத்தைப் பிடிக்கும். நூலகத்தில் காசு போகாது. சொந்த செல்போனில் படம் எடுக்க விடுகிறார்கள், ஃபிளாஷ் மட்டும் கூடாது. அதனால் அங்கே உட்கார்ந்து படிக்காதீர்கள். அங்கே படம், இங்கே படிப்பு. ஒவ்வொரு கட்டுக்கும் முதல் படமாக அதன் எண் எழுதிய துண்டுச் சீட்டை எடுங்கள். ஊர் திரும்பிய பின் எந்தப் பக்கம் எந்தப் புத்தகம் என்று அழ வேண்டாம். ஞாயிறு அந்தப் படிப்பறை விடுமுறை.

சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை குறுகிய காலப் பயணத்துக்கு நல்கை தருகிறது. விண்ணப்பத்தில் "லண்டனில் தேடிப் பார்ப்பேன்" என்று எழுதினால் கிடைக்காது. இந்த எண்ணில் இந்தக் கட்டு, அதில் இந்த ஆண்டுகள், எழும்பூரில் இது இல்லை என்று எழுதுங்கள். எழும்பூரில் உட்காராமல் அந்த வரியை எழுத முடியாது என்பது புரிகிறதா தம்பி?

19 ஜூன்

லண்டனில் வரிக்கணக்குக்கு நடுவே ஒரு நாள் நம் ஊர்க் கோட்டைகளை வரைந்த பழைய ஓவியங்களைப் பார்த்தேன், அதைப் பற்றி ராயக்கோட்டைக்காரர் கிளறிவிட்டார். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல், போர் முடிந்த சூட்டோடு, பாராமகால் வழியாகப் போனார்கள். இடத்திலேயே பென்சிலில் வரைந்து, பிறகு லண்டனில் அக்வாடின்ட் என்ற செதுக்கு முறையில் அச்சிட்டு வண்ணம் ஏற்றினார்கள். 1795இலிருந்து 1808 வரை வந்த அவர்களின் 144 படங்களில் ராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜகதேவி எல்லாம் உண்டு. இவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

நண்பர் சொல்வது: "மலையை இவ்வளவு செங்குத்தாக வரைந்திருக்கிறார்களே, பொய்." எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. மேகமும் முன்னால் நிற்கிற ஆட்களும் லண்டனில் சேர்த்தவையாக இருக்கலாம். ஆனால் பாறையின் விளிம்பு விஷயத்தில் அவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியை வைத்து உருவத்தின் கோட்டை எடுத்தவர்கள். எங்கே நின்று வரைந்தார்கள் என்பதுதான் கேள்வி. பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்துவிட்டுப் பொய் என்று சொல்லக் கூடாது.

20 ஜூன்

சரி, வழக்கைத் தீர்த்துவிடலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ராயக்கோட்டை அடிவாரம். நான் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வருகிறேன், அடிவாரத்தைச் சுற்றி நடந்து அந்தக் கோணத்தைத் தேடுவோம். ஓசூர் அண்ணன் வண்டி கொண்டுவருகிறாராம், காவேரிப்பட்டணத்துக்காரர்களை வழியில் ஏற்றிக்கொள்வார். கோட்டைக்கும் ஏறுகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் எடுத்து வாருங்கள். முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே டீக்கடையில் உட்காரலாம், நானும் அங்கேதான் இருப்பேன்.